துவக்க வரிசை

மறுபடியும் விண்டோஸ்தான் வருகிறது. மாற்றி வைத்தேனே. காப்பிக்கு எழுந்து போவதற்கு முன்னால் கம்ப்யூட்டரின் அந்த நீல செட்டிங்ஸ் திரைக்குள் போய், அம்புக்குறியை அழுத்தி அழுத்திக் கீழே இறங்கி, பென்டிரைவ் என்கிற வரியை மேலே ஏற்றி, ஹார்டு டிஸ்க்கைக் கீழே தள்ளி, சேமிக்கட்டுமா என்று அது கேட்டதற்கு ஆமாம் என்று சொல்லிவிட்டுத்தான் அணைத்தேன். சொன்னேனா? சொன்னேன். விரல் அந்த விசையின் மேல் விழுந்தது ஞாபகம் இருக்கிறது. ஆனால் அந்த ஞாபகம் நேற்றையதாகவும் இருக்கலாம். நேற்றும் இதே நாற்காலி, இதே விரல், இதே விசை. ஒரே மாதிரி இருக்கிற இரண்டு காரியங்களில் எது எந்த நாளுடையது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. எல்லோருக்கும் அப்படித்தான். எல்லோருக்கும் அப்படித்தான் என்று இப்போதெல்லாம் எனக்கு நானே அடிக்கடி சொல்லிக்கொள்கிறேன், அதுதான் உறுத்துகிறது. இந்தப் பெட்டி கண் விழித்ததும் முதலில் எங்கே பார்க்க வேண்டும் என்று அதற்குள் ஒரு வரிசை இருக்கிறது. ஹார்டு டிஸ்க்கை முதலில் பார்த்தால் பழைய விண்டோஸ், ஆமை மாதிரி நகர்ந்து வந்து உட்காரும். பென்டிரைவை முதலில் பார்த்தால், விண்டோஸுக்குப் பதிலாகப் போட நான் ஃபாக்டரியில் இன்டர்நெட்டிலிருந்து இறக்கி எடுத்துவந்த லினக்ஸ். பழைய பெட்டிகளில் அதுதான் இலகுவாக ஓடும் என்று படித்தேன். வரிசையில் ஒரு வரியை மேலே ஏற்ற வேண்டும், அவ்வளவுதான். ஏற்றுகிறேன், இருக்கிறது. எழுந்து போய்விட்டு வருகிறேன், இல்லை. நான் ஏற்றவே இல்லை என்பது போல, நான் இந்த அறைக்குள் வந்ததே இல்லை என்பது போல, பழைய வரிசை அப்படியே நிற்கிறது.

கீர்த்தனா பெங்களூரிலிருந்து போனில் சிரிக்கிறாள். "அப்பா, நான் பன்னெண்டாவது படிக்கறப்ப வாங்குன டப்பா அது. தூக்கிப் போட்டுட்டு ஒரு லேப்டாப் வாங்குங்கப்பா." அவளுக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. இதை ஓட வைத்துவிட்டால் என் தலைக்கு ஒன்றும் இல்லை என்று எனக்குள் ஒரு பந்தயம் கட்டியிருக்கிறேன். பம்ப்செட் ஃபாக்டரியில் கன்ட்ரோல் பேனல்களோடு பாதி ஆயுளைக் கழித்தவன், ஒயரின் நிறத்தைப் பார்த்தே அது எங்கே போய் முடியும் என்று சொல்கிறவன், புதிதாக ஒன்றைக் கற்று, வரிசைப்படி செய்து, முடித்துக் காட்டிவிட்டால் அந்தத் திருப்பூர் கல்யாணத்தில் நடந்தது வெறும் வாய்த் தவறுதல். ஓட வைக்க முடியாவிட்டால்? அதற்கு மேல் யோசிக்கக் கூடாது. கல்யாண வாசலில் சந்தனக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் நின்றிருந்தான் நல்லமுத்து, என் பெரியப்பா பேரன். "அப்பா வரலையா தம்பி?" என்று கேட்டேன். அவன் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. அவன் அப்பனை எரித்தது இந்தச் சித்திரையில். வெயிலில் நானும் நின்றிருக்கிறேன், குனிந்து வாய்க்கரிசி போட்டிருக்கிறேன், அரிசி உதட்டில் ஒட்டிக்கொண்டு உள்ளே போகாமல் இருந்ததுகூட இப்போது தெளிவாகத் தெரிகிறது. அந்த நேரத்தில் மட்டும் தெரியவில்லை. பக்கத்தில் நின்ற மனைவி சுலோச்சனா என் முழங்கைச் சதையைக் கிள்ளினாள். அதற்குப் பிறகு வீடு வந்து சேரும்வரை அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை. என்ன இப்படிக் கேட்டுப்போட்டீங்க என்று சத்தம் போடுகிறவள்தானே அவள். திட்டாமல் காரில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். திட்ட வேண்டாம் என்று அவள் எப்போது முடிவு செய்தாள்?

அப்பாவுக்கு என் வயதில்தான் ஆரம்பித்தது. மில்லை மூடி வெகு காலம் ஆகியிருந்தது. ஒரு நாள் காலையில் எழுந்து சவரம் செய்துகொண்டு, டிபன் பாக்ஸை சைக்கிளில் மாட்டிக்கொண்டு முதல் ஷிப்டுக்குக் கிளம்பிவிட்டார். பூட்டிய கேட்டுக்கு முன்னால், துருப்பிடித்த சங்கிலியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். கூட்டிவரப் போன என்னைப் பார்த்து, "இன்னிக்கு என்னமோ சங்கு ஊதலிங்க சார்" என்றார். சார். மரியாதையாக. அவருக்கு வலித்திருக்காது. வலி முழுக்கக் கூட்டிவரப் போனவனுக்குத்தான். அப்போது அவர் எனக்குப் பெரிய கிழவராகத் தெரிந்தார். இப்போது கணக்குப் பார்க்க வேண்டாம்.

நீலத் திரைக்குள் மறுபடி போகிறேன். பென்டிரைவை ஏற்று. ஹார்டு டிஸ்க்கை இறக்கு. சேமிக்கட்டுமா? ஆமாம். இந்த முறை வாய்விட்டுச் சொன்னேன், "ஆமாம்" என்று. சமையலறையிலிருந்து, "என்னுங்க?" என்றாள். "ஒண்ணுமில்ல" என்றேன். பெட்டி தானாக அணைந்து தானாகக் கண் விழிக்கிறது, கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் மளமளவென்று ஓடுகின்றன, லினக்ஸ். வருகிறதே! அப்படியானால் நான் சரியாகத்தான் செய்கிறேன். சமையலறையில் குழாய் நிற்கிறது. அவள் போனில் பேசுகிறாள், குரலைத் தாழ்த்தி. இந்த வீட்டில் குரலைத் தாழ்த்திப் பேச என்ன இருக்கிறது? "ஆமாண்டா... உக்காந்துட்டுத்தான் இருக்காரு... காத்தால இருந்து அதேதான்... இல்ல இல்ல, இப்ப கேட்டா கத்துவாரு... டாக்டருகிட்ட நீயே..." மிக்சி ஓடுகிறது. வேண்டுமென்றே ஓட்டுகிறாளா, சட்னிக்கு ஓட்டுகிறாளா? வெள்ளியங்கிரியாகத்தான் இருக்கும், அவள் தம்பி. வெள்ளிக்கிழமை வந்திருந்தான். இதே நாற்காலிக்குப் பின்னால் நின்று, முறுக்கைக் கடித்துக்கொண்டு, "என்னங் மச்சான், இன்னும் இதைய வெச்சுட்டுப் போராடிட்டு இருக்கறீங்க? பழைய இரும்புக்குப் போட்டா அவனே திருப்பிக் கொண்டாந்து குடுத்துருவான்" என்றான். "மாப்ளெ, உன்னையக்கூடத்தான் எங்க மாமனாரு எங்கயும் போட முடியாம வெச்சிருந்தாரு" என்றேன். சிரித்தான். சிரித்துவிட்டு, சும்மா கேட்பது போல, "ஏனுங் மச்சான், அன்னிக்கு நம்ம பவானி போனமே, அது எந்த மாசமுங்க?" என்றான். எனக்குத் தெரியும் என்ன கேட்கிறான் என்று. அவன் கண் முறுக்கில் இல்லை. "ஆடி" என்றேன், சட்டென்று. சரியாகத்தான் சொல்லியிருக்க வேண்டும், ஏனென்றால் அவன் அதற்குப் பிறகு எதுவும் கேட்கவில்லை. அல்லது தப்பாகச் சொன்னதால் கேட்கவில்லை. சுலோச்சனாவும் இப்போதெல்லாம் காலையில் காப்பியை வைத்துவிட்டு, "இன்னைக்கு என்ன கெழமைங்க?" என்கிறாள். சுவரில் காலண்டர் தொங்குகிறது, அவளுக்குக் கண் நன்றாகத் தெரிகிறது. நான் பேப்பரின் தலைப்பை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்கிறேன். பார்க்காமலே தெரியும். ஆனாலும் பார்க்கிறேன்.

திரையில் சுட்டி நின்றுவிட்டது. அசைக்கிறேன், அசையவில்லை. பெட்டியின் பக்கவாட்டில் கை வைத்தால் இட்லிச் சட்டி மாதிரி சுடுகிறது. விசிறிக்குள் எத்தனை வருடத்துத் தூசியோ. பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்துவிட்டேன். ஆறட்டும். வாசலுக்குப் போய் நின்றேன், ஞாயிற்றுக்கிழமை வெயில், எதிர்வீட்டுக்காரர் ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார், சாப்பிட்டாச்சா என்றார், இனிமேதான் என்றேன். திரும்பி வந்து உட்கார்ந்தேன். போட்டேன். விண்டோஸ். இப்போது கோபம்கூட வரவில்லை. சற்று முன்னால் வாய்விட்டு ஆமாம் என்று சொல்லிச் சேமித்தேன். அதற்குச் சாட்சி இருக்கிறது, அவள் என்னுங்க என்று கேட்டாள், நான் ஒண்ணுமில்ல என்றேன். லினக்ஸ் வந்தது, கண்ணால் பார்த்தேன். பார்த்தேன் அல்லவா? வந்து வந்து போகிற கோளாறுதான் ஃபாக்டரியில் எங்களுக்கு எமன். ஒரேயடியாகச் செத்த மோட்டாரைச் சரிசெய்துவிடலாம். பார்க்கும்போது ஓடி, திரும்பினால் நிற்கிற மோட்டார்தான் ஆளையே சந்தேகப்பட வைக்கும். அங்கே ஒரு வழக்கம் உண்டு. எதையும் தொடாதே, முதலில் எப்போது வருகிறது எப்போது போகிறது என்று மட்டும் பார். பார்க்கிறேன். உட்கார்ந்த இடத்திலேயே அணைத்துப் போட்டால் வரிசை நிற்கிறது. காப்பிக்குப் போனேன், போயிற்று. வாசலுக்குப் போனேன், போயிற்று. நேற்று கடைக்குப் போய்விட்டு வந்தபோதும் போயிற்று. நான் இந்த அறையில் இருக்கும்வரை ஒன்றும் ஆவதில்லை. நான் போனால் ஆகிறது. அப்படியானால் நான் இல்லாதபோது இங்கே யாரோ வருகிறார்கள். இந்த வீட்டில் என்னை விட்டால் ஒருத்திதான்.

அவளுக்கு நீலத் திரை தெரியாது. தெரியாது என்று எனக்கு எப்படித் தெரியும்? தம்பி சொல்லிக் கொடுத்திருக்கலாம், இப்போதெல்லாம் போனிலேயே படம் அனுப்பிச் சொல்லிக் கொடுக்கிறார்கள். எதற்காகச் செய்ய வேண்டும்? நான் தோற்றுப்போக வேண்டும் என்றா? தோற்றுப்போனால், பாத்தீங்களா, உங்களுக்கே ஒத்துவரலை, வாங்க ஒரு தடவை காட்டிட்டு வந்துரலாம் என்று சொல்ல ஒரு வழி கிடைக்கும். எனக்கு மறதி என்று என் கையாலேயே என்னை நம்ப வைப்பது. நினைக்கும்போதே எனக்கு அசிங்கமாக இருக்கிறது. என்னோடு இத்தனை வருடம் குடும்பம் நடத்தியவள், எனக்கு மஞ்சள் காமாலை வந்தபோது கீழாநெல்லியை அரைத்து அரைத்து நகமெல்லாம் பச்சையாகிப் போனவள். அசிங்கமாக இருந்தாலும் நினைப்பு நிற்கவில்லை, பல்லில் சிக்கிய தேங்காய்த் துணுக்கு மாதிரி நாக்கு அங்கேயே போகிறது. வரிசையை மறுபடி ஏற்றினேன். சேமித்தேன். அணைத்தேன். "குளிச்சுட்டு வர்றேன்" என்று வேண்டிய அளவுக்கு மேலேயே சத்தமாகச் சொன்னேன். துண்டைக் கட்டிக்கொண்டு குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்து வாளியில் விழவிட்டு, கதவைச் சாத்திவிட்டு, பூனை மாதிரி நடந்து வந்து படுக்கையறைத் திரைச்சீலைக்குப் பின்னால் நின்றேன். தலை நரைத்தவன், சொந்த வீட்டில், துண்டோடு, தன் பெண்டாட்டியை வேவு பார்க்கிறான். கீர்த்தனா பார்த்தால் என்ன நினைப்பாள்? வராமல் இருந்தால் நன்றாக இருக்கும் என்று ஒரு பக்கம். வராமல் இருந்தால் கோளாறு என் தலைக்குள்தான் என்று இன்னொரு பக்கம். வரட்டும், அவளாகவே இருக்கட்டும், கெட்டவளாக இருக்கட்டும், எனக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கட்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன். ஆமாம், அப்படித்தான் வேண்டிக்கொண்டேன்.

வந்தாள். மடித்த துணிகளை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தாள். கட்டிலில் வைத்தாள். நான் கலைத்துப் போட்டிருந்த பேப்பரை அடுக்கினாள். கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினாள். மூச்சை அடக்கினேன். அவள் திரையைப் பார்க்கவே இல்லை. விசைப்பலகையைத் தொடவில்லை. போகிற போக்கில், ஆளில்லாத ஹாலில் லைட்டை அணைப்பது போல, கையை நீட்டிச் சுவரில் இருக்கிற ஸ்விட்ச்சைத் தட்டிவிட்டுப் போய்விட்டாள். அவ்வளவுதான். டக் என்று ஒரு சத்தம். கொஞ்ச நேரம் எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு எல்லாம் ஒரே சமயத்தில் புரிந்தது. ஒவ்வொரு முறை நான் திரும்பி வந்து உட்காரும்போதும் என் இடது கை சுவருக்குப் போய் ஸ்விட்ச்சைப் போட்டிருக்கிறது, வலது கை பெட்டியின் பொத்தானை அழுத்தியிருக்கிறது. இடது கை செய்ததை எனக்குச் சொல்லவே இல்லை. துண்டோடு தரையில் உட்கார்ந்து பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினேன். உள்ளே, தூசிக்கு நடுவில், பழைய எட்டணா அளவில் ஒரு வட்டப் பேட்டரி. மீட்டரை எடுத்து வைத்துப் பார்த்தேன். முள் அசையவே இல்லை. செத்துப்போன பேட்டரி. கரண்ட் இல்லாத நேரத்தில் இந்தப் பெட்டி எதையாவது நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் அந்தச் சின்னப் பேட்டரிதான் கதி. அது போனதால் சுவரிலிருந்து வருகிற கரண்டை மட்டும் பிடித்துக்கொண்டு நான் சொன்னதையெல்லாம் நினைவில் வைத்திருந்தது. ஸ்விட்ச்சை அணைத்ததும் அத்தனையும் போய்விட்டது. மறந்தது இது. இது! நான் இல்லை. நான் சொன்னதெல்லாம் சொன்னதுதான், அழுத்தியதெல்லாம் அழுத்தியதுதான். தரையில் உட்கார்ந்தபடியே சிரித்தேன். குளியலறையில் வாளி நிரம்பி வழிகிற சத்தம் கேட்டது, ஓடிப் போய் நிறுத்தினேன், அப்படியே இரண்டு செம்பு தலையில் ஊற்றிக்கொண்டேன், இவ்வளவு குளிர்ந்த தண்ணீர் ஊற்றி வெகு நாளாயிற்று.

டேபிள் ஃபேனைக் கொண்டுவந்து பெட்டியின் திறந்த பக்கத்துக்கு நேராக வைத்தேன். வரிசையை ஏற்றினேன். லினக்ஸ் வந்தது. மொழி கேட்டது, சொன்னேன். ஊர் கேட்டது, சொன்னேன். பழையதையெல்லாம் அழித்துவிடலாமா என்று கேட்டது. அழித்துக்கொள் என்றேன், கீர்த்தனா தன்னுடையதையெல்லாம் எப்போதோ எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கோடு நகர ஆரம்பித்தது, நிற்காமல், சீராக. எனக்கு யாரிடமாவது சொல்லியாக வேண்டும். "சுலோ, இங்க கொஞ்சம் வா புள்ள."

"என்னுங்க, வெடிச்சுருச்சா?" ஈரக் கையோடு வந்து நின்றாள்.

"வெடிக்கல. ஓடுது பாரு."

"என்னமோ ஒரு கோடு போகுது."

"அந்தக் கோடு முடிஞ்சா புதுசு மாதிரி ஆயிரும்."

"ஆவட்டும். இது கூட மல்லுக்கட்டுன நேரத்துக்கு என்னைய ஒரு சினிமாவுக்குக் கூட்டிட்டுப் போயிருக்கலாம்."

"கோளாறு எங்கன்னு கண்டுபுடிச்சுட்டேன். எங்கன்னு சொல்லு பாக்கலாம்?"

"எங்க?"

"நீதான்."

"அதுசரி. இந்த ஊட்ல எது கெட்டாலும் நாந்தான். கிரைண்டர் நின்னப்பவும் நாந்தான், உங்க தங்கச்சி பேசாமப் போனப்பவும் நாந்தான்."

அவளும் சிரித்தாள். இந்தச் சிரிப்பையா நான் சந்தேகப்பட்டேன்? "நான் எந்திரிச்சுப் போனதும் நீ வந்து சுவத்து ஸ்விட்ச்ச அணைச்சுப்போடற. உள்ள பேட்டரி செத்துக் கெடக்குது. நீ அணைச்சா அதுக்குச் சொன்னதெல்லாம் மறந்துருது. நான் என்னமோ ஏதோன்னு..."

"அணைக்காம?" என்றாள். "நீங்கதானுங்க அணைக்கச் சொன்னீங்க."

"நானா?"

"நேத்து சாயங்காலம். நான் பூண்டு உரிச்சுட்டு இருந்தேன். வந்து நின்னுட்டு, பழைய பெட்டி, எப்ப வேணா ஷார்ட் ஆகும், நான் எந்திரிச்சுப் போனா மறக்காம மெயின அணைச்சுருன்னீங்க. காத்தாலகூட ஒருக்கா சொன்னீங்களே."

நேற்று சாயங்காலம். தேடுகிறேன். கடைக்குப் போனேன், மழை வரும் போல இருந்தது, வரவில்லை. டிவியில் எதுவோ ஓடியது. பூண்டு வாசனை இருந்ததா? இருக்கிறது, ஆனால் இந்த வீட்டில் எல்லாச் சாயங்காலத்திலும் பூண்டு வாசனை இருக்கிறது. காலையில் காப்பி குடித்தேன், டம்ளரின் சூடு விரலில் இருக்கிறது, அதற்கு முன்பும் பின்பும் ஒன்றும் இல்லை, துடைத்து வைத்த தட்டு மாதிரி இருக்கிறது. அவள் பொய் சொல்கிறாளா? ஷார்ட் ஆகும் என்பது அவள் வாயில் வருகிற பேச்சில்லை. மெயின் என்பதும் இல்லை. அது ஃபாக்டரியில் நான் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிற வாசகம், என் வாசகம், நான் சொல்கிற வரிசையிலேயே வருகிறது. பழைய பெட்டி என்று முதலில் காரணம், பிறகு ஆபத்து, பிறகு செய்ய வேண்டியது. இதை அவளாக உண்டாக்க முடியாது. தம்பி சொல்லிக் கொடுத்திருந்தால்? வெள்ளியங்கிரிக்கு மெயின் எது, நியூட்ரல் எது என்று தெரியாது. அப்படியானால் நான் வந்து நின்றிருக்கிறேன். இந்த உடம்பு அங்கே போய் நின்று, இந்த வாய் அதைச் சொல்லி, அவள் சரிங்க என்று சொன்னதைக் கேட்டுவிட்டு, திரும்பி நடந்து வந்திருக்கிறது. அங்கே நான் எங்கே இருந்தேன்? கோடு நகர்ந்துகொண்டிருக்கிறது. பாதிக்கு மேல் போய்விட்டது. எந்தத் தடங்கலும் இல்லை. நான் ஜெயித்துக்கொண்டிருக்கிறேன்.

"ஆமா" என்றேன். "சொன்னேன். நாந்தான் சொன்னேன்."

அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே என் முகத்தைப் பார்த்தாள். திருப்பூரிலிருந்து திரும்பிய காரில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டவள், இப்போது திரும்பவில்லை. அவள் கண்ணில் சூழ்ச்சி எதுவும் இல்லை. இருந்திருந்தால் நான் பிடித்திருப்பேன், அதைத்தான் இத்தனை நாளாகத் தேடிக்கொண்டிருந்தேன். பயம்தான் இருந்தது. என்னுடையதைவிடப் பழைய பயம். வெகு நாளாக உள்ளே வைத்துப் பழகியது. எனக்கு முன்னாலேயே அவள் அதோடு தனியாக உட்கார்ந்திருந்திருக்கிறாள், மிக்சியை ஓட விட்டுக்கொண்டு. வாயை மூடிக்கொண்டு கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும், அது முடிந்துவிடும், அவளும் சட்னியைத் தாளிக்கப் போய்விடுவாள், நாளைக்குக் கிழமை கேட்பாள், நான் பேப்பரைப் பார்த்துச் சொல்வேன், இப்படியே எவ்வளவோ நாள் ஓட்டலாம். நாற்காலியை அவள் பக்கமாகத் திருப்பினேன்.

"சுலோ. நான் சொன்னதா, செஞ்சதா, எனக்கு ஞாபகம் இல்லாதது வேற என்னென்ன இருக்குது?"

அவள் கட்டிலில், அந்த மடித்த துணிகளின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். துணி கசங்குவதைக் கவனிக்கவில்லை.

"எங்கிருந்துங்க சொல்லட்டும்?" என்றாள்.